பிடித்த தூசியை எங்கே வைப்பது?

ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்திலும் சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், மின்விசிறியே வேண்டாம் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமை பேசிய காலம் உண்டு. அந்தப் பெருமை பாகலூரில் இன்று பாதிதான் செல்லுபடியாகும். காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத்தான் திறக்க முடியவில்லை. மாலூருக்கும் சர்ஜாபுரத்துக்கும் போகிற வழியில் இருக்கும் ஊர் இது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரஷர்களில் உடைபட்ட ஜல்லியும் எம்-சாண்டும் டிப்பர் லாரிகளில் ஏறி, எல்லை தாண்டி, பெங்களூருக் கட்டடங்களுக்குப் போகின்றன. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகளுக்கும் ஆள் ஏற்றிப்போகும் வேன்களும் பேருந்துகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. சாலையோர வீட்டில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். ஆகவே ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி., சிம்னி, ஏர் பியூரிஃபையர் என்று வாங்குகிறார்கள். கடைக்காரரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்த ஃபில்டர் நல்லது? நியாயமான கேள்விதான், அதற்குப் பதிலும் உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாத இன்னொரு கேள்வி நிற்கிறது. ஃபில்டர் பிடித்த அழுக்கு யாருடையது? அதை எங்கே, யார் கையால் வைக்கிறோம்? இது அறம் சார்ந்த கேள்வி. இந்த நாட்டுச் சமயங்களில் ஒன்று இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யோசித்து வந்திருக்கிறது. ஒரு வடிகட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, பிடித்ததை என்ன செய்கிறது என்ற இரண்டையும் கேட்காமல், அது எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கிறது என்பதை மட்டும் வைத்து அதை நல்லது என்று சொல்லிவிட முடியாது என்பதே இங்கே நான் வைக்கும் வாதம்.

முதலில் கடைக்காரரின் கேள்வியை முடித்துவிடலாம். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யில் இருப்பது நைலான் வலை. முடி, பஞ்சு, பெருந்தூசி ஆகியவற்றைத் தடுத்து இயந்திரத்தின் காயிலைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. நுரையீரலைக் காப்பாற்ற அதை யாரும் வைக்கவில்லை. அந்த ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதும் இல்லை. அறைக்குள் இருப்பதையே சுற்றவைத்துக் குளிர்விக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை இறங்கக்கூடியவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். அவற்றுக்கு ஹெப்பா ஃபில்டர் வேண்டும். அமெரிக்க அளவுகோலின்படி அது 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். ஏன் அந்த 0.3? பெரிய துகள் தன் கனத்தாலேயே வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதிவிடும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டு, தள்ளாடி, எங்காவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும். அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தப்புவது கடினம். அட்டைப்பெட்டியில் ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருந்தால் அந்த வாக்குறுதி அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பெயின்ட் வாடை, கரைப்பான் ஆவி போன்ற வாயுக்களை ஹெப்பா பிடிக்காது. அதற்குக் கரி வேண்டும், அதுவும் கணிசமான எடையில் வேண்டும். மெல்லிய கரிப்பூச்சு சீக்கிரம் நிறைந்துவிடும். அயனி உமிழும் கருவிகளில் சில ஓசோனை உண்டாக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபில்டரின் நுணுக்கத்தைவிட ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்று அதன் வழியே போகிறது என்பது முக்கியம். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் கொண்ட அறையில் ஏறத்தாழ 41 கனமீட்டர் காற்று இருக்கும். அதை மணிக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய வேண்டுமானால் மணிக்கு 200 கனமீட்டர் தூய காற்றாவது தரும் கருவி வேண்டும். வலுவில்லாத விசிறிக்கு முன்னால் மிக நுண்ணிய ஃபில்டரை வைத்தால் காற்றே நகராது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். எந்த ஃபில்டரும் தூசியை அழிப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காற்றில் பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டுகிறது. அதன் பிறகு யாராவது அதைத் தொட்டாக வேண்டும். ஏ.சி. வலையைக் கழற்றிப் பால்கனிக் கம்பியில் தட்டுவது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வருகிற பெண். தட்டிய தூசி அவர் முகத்திலும் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியிலும் படிகிறது. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக், இண்டோர் யூனிட்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறையைக் கட்டித் தண்ணீர் பீய்ச்சி, கறுப்புச் சாற்றை வாளியில் பிடித்துக் குளியலறையில் ஊற்றிவிட்டுப் போகிறார். சமையலறைச் சிம்னியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று வீடு கட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. மூன்றடிச் சந்தில், பக்கத்து வீட்டு வென்டிலேட்டருக்கு நேரே அது வாயைத் திறந்து நிற்கும். தாளிப்பு நெடி நம் வீட்டைவிட்டுப் போய்விட்டது என்ற நிம்மதி, அது அடுத்த வீட்டுக்குள் போகிறது என்பதன் மறுபெயர். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருக்கும் பெரிய காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் குழாயைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்று நிறுவப்படவில்லை என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. பூஞ்சை பிடித்திருந்தாலோ, எலி குடியிருந்தாலோ, அடைப்பு இருந்தாலோ செய்யலாம். மற்றபடி, ஒட்டியிருந்த தூசியைக் கிளறிவிடுவதுதான் மிச்சமாகக்கூடும். சுத்தம் என்று நாம் சொல்லும் பல வேலைகள் உண்மையில் இடமாற்றங்கள். இடமாற்றத்தில் தவறில்லை, யாரிடம் மாற்றுகிறோம் என்பதைப் பார்க்காமல் இருப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இங்கேதான் சமணத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது சமணக் கொள்கை. செடிகொடிகளும் அந்த வகையில் சேரும். காற்றும் உயிர் என்றால் மூச்சுவிடுவதே ஒரு பொறுப்பாகிவிடுகிறது. சுவேதாம்பரரில் தானகவாசி, தேராபந்தி துறவிகள் வாயை மறைத்து வெள்ளைத் துணி கட்டுவது இதனால்தான். பார்ப்பவர்களில் பலர் அது பூச்சி உள்ளே போகாமலிருக்கக் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது முழுமையான விளக்கமல்ல. தன் வெப்பமான மூச்சும் எச்சிலும் வெளியே உள்ள உயிர்களுக்குத் துன்பம் தரக்கூடாது என்பதே அதன் கருத்து. அதாவது அந்தத் துணி வெளியைப் பார்த்து நிற்கிறது. ஆபத்து தன்னிடமிருந்தே புறப்படுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர்கள் திகம்பரர். அவர்களுக்கு முகத்துணி கிடையாது. ஆனால் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதும் பொழுது சாய்ந்தபின் உண்ணாமலிருப்பதும் அவர்கள் மரபிலும் உண்டு. தண்ணீர் வடிகட்டியைப் பௌத்தப் பிக்குகளும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டு உடைமைகளில் அதுவும் ஒன்று. ஆனால் வடிகட்டிய பிறகு என்ன செய்வது என்பதில் சமணர்கள் இன்னும் ஓரடி முன்னே போனார்கள். துணியில் தங்கியதை வடிகட்டிய நீராலேயே மெதுவாக அலசி, எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தார்களோ அதே கிணற்றில் விடவேண்டும். வேறு கிணற்றிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது. ஜீவானி என்று இதற்குப் பெயர். துறவிகளுக்குச் சொல்லப்பட்ட ஐந்து சமிதிகளில், அதாவது கவனமாக நடந்துகொள்ள வேண்டிய ஐந்து செயல்களில், கழிவை எங்கே விடுவது என்பதற்கே ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். பிடிப்பது பாதி வேலை, பிடித்ததை உரிய இடத்தில் வைப்பது மீதி என்பதை இதைவிடக் கறாராகச் சொன்ன மரபு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

சமணத் துறவியின் நுண்ணுயிர்க் கவலையையும் பாகலூர்க் குடித்தனக்காரரின் தூசிக் கவலையையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று கேட்கலாம். துறவி தன் வினைக்கணக்கைப் பார்க்கிறார். குடித்தனக்காரர் பிள்ளையின் இருமலைப் பார்க்கிறார். நோக்கம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கடன் வாங்குவது நோக்கத்தை அல்ல, திசையை. திசை என்பது வெறும் உருவகமல்ல என்பதற்கு ஹெப்பாவின் வரலாறே சாட்சி. 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்கள் வெளியே பரவாமலிருக்க உருவாக்கப்பட்டது அது. குண்டு செய்தவர்களிடம் அகிம்சையைத் தேட முடியாதுதான். ஆனாலும் அந்த ஃபில்டரின் முதல் வேலை உள்ளே இருக்கும் ஆபத்திலிருந்து வெளியே இருப்பவர்களைக் காப்பது. வீட்டுக் கருவியானபோதுதான் அது திரும்பி நின்றது. ஓசூர்ப் பகுதிக்கே வருவோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதியால் புதிய டீசல் லாரிகளின் புகைபோக்கியில் துகள் ஃபில்டர் வந்துவிட்டது. ஓட்டுநரை அது காப்பதில்லை. பின்னால் வருகிறவரைக் காக்கிறது. லாரி கட்டுகிற ஊரான ஓசூரில் இந்த வகை ஃபில்டரைத் தெரிந்த தொழிலாளிகள் நிறைய. இன்னொரு பக்கம், மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் சுத்த அறைகள். சர்வதேசத் தரத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக்கூடாது. அங்கே வேலை செய்கிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொள்வது தங்களைக் காப்பதற்காக அல்ல. தங்கள் தோல்செதிலும் முடியும் மூச்சும் பொருளைக் கெடுக்காமல் இருப்பதற்காக. சில்லுக்குத் தரும் மரியாதையைத் தெருவில் போகிறவருக்கும் தரலாமே என்று கேட்டால் அது குறும்பான கேள்வியாகத் தோன்றலாம். நம் வடிகட்டிகள் உள்ளே பார்ப்பது தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல என்பதை மட்டும் அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் எது அவற்றை உள்ளே திருப்புகிறது? இங்கே நம் சொந்த மரபின் இருண்ட பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். தூய்மை என்பது நமக்கு வெகுகாலம் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கம் தீட்டு. அழுக்கை அகற்றுவதைவிட, அழுக்கோடு சம்பந்தப்பட்ட மனிதரைத் தள்ளிவைப்பதே தூய்மையாகிவிட்டது. கேரளத்தில் தீண்டாமையோடு அணுகாமையும் இருந்தது. தொட வேண்டியதில்லை, குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தாலே தீட்டு என்றார்கள். இடையில் இருக்கும் காற்றே தீட்டைச் சுமந்துவருவதுபோல. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்ற எளிய உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். ஏர் பியூரிஃபையர் வாங்குகிறவர் சாதி பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். தூய்மையை எல்லைக்கோடாக மட்டும் நினைக்கும் பழக்கம் புதிய கருவிக்குள்ளும் சத்தமில்லாமல் குடியேறிவிடுகிறது என்கிறேன். உள்ளே சுத்தமாக இருந்தால் போதும். வெளியே போனது நம் கணக்கில் இல்லை. அதைத் தொடுவதற்கு வேறு ஒருவர் இருக்கிறார். இந்த மூன்று வாக்கியங்களும் பழைய தெருவுக்கும் பொருந்தும், புதிய அடுக்குமாடிக்கும் பொருந்தும். சமணத்தின் ஜீவானி இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்குகிறது: வடிகட்டியவரே அலச வேண்டும், எடுத்த இடத்துக்கே திருப்ப வேண்டும். அங்கே தூய்மை கோடாக இல்லை, கடனாக இருக்கிறது. சமணச் சமூகங்கள் இந்த இலட்சியப்படியே எல்லா விஷயத்திலும் வாழ்ந்தன என்று யாரும் சாதிக்க மாட்டார்கள். இலட்சியத்தை எடுத்துக்கொள்ள அது தடையும் அல்ல.

இதற்கு வரக்கூடிய எதிர்வாதங்களில் வலுவானது தற்காப்பு. வீசிங் இருக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய், உன் ஃபில்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தத்துவம் பேசுவது கொடுமை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 துகளுக்கு வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டில் 2009இல் வகுத்த தரம் 40. சட்டம் போதும் என்று சொல்லும் காற்று, மருத்துவம் போதும் என்று சொல்வதைவிட எட்டு மடங்கு அழுக்காக இருக்கலாம். இந்த இடைவெளியில் வாழ்கிறவர் தன் பிள்ளைக்காக ஒரு கருவி வாங்குவதை எந்த அறமும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. என் வாதம் அந்தத் தாய்க்கு எதிரானதல்ல. தற்காப்பு ஓர் உரிமை. உரிமையைப் பயன்படுத்துகிறவருக்குக் கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதோடு நிற்கிறேன். அந்தக் கடமையும் ஊரைத் திருத்துவதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தன் வீட்டுக் காற்று வெளியேறும் வாயிலிருந்து தொடங்கலாம். சிம்னிக் குழாயைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே விடாமல் கூரைக்கு மேலே ஏற்றுவது. ஃபில்டரைத் தட்டாமல், ஈரப்படுத்தி, தண்ணீரில் அலசி, தங்கிய கசடைத் துணியில் வழித்துக் குப்பையில் கட்டிப்போடுவது. அலச முடியாத ஹெப்பாத் தாளை மாற்றும்போது உதறாமல் அப்படியே பையில் மூடுவது. அந்த வேலையை இன்னொருவர் செய்தால் அவருக்கு முதலில் முகக்கவசம் தந்துவிட்டுச் செய்யச் சொல்வது. எட்டு ரூபாய் முகக்கவசத்துக்கும் இருபதாயிரம் ரூபாய்க் கருவிக்கும் இடையில்தான் இந்த அறம் பெரும்பாலும் கோட்டைவிடப்படுகிறது. கருவியே வாங்க முடியாதவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர் என்று சொல்லக் கணக்கெடுப்பு தேவையில்லை. ஆலைகளைச் சுற்றியுள்ள தகரக்கூரை லைன் வீடுகளைப் பார்த்தால் போதும். பாகலூர், பேரிகைப் பக்கத்துப் பசுமைக் கூடாரங்களில் ரோஜாவுக்கு மருந்தடிக்கிறவர் மூடிய பாலித்தீனுக்குள் நின்று அந்தக் காற்றையே சுவாசிக்கிறார். அவருக்கு ஹெப்பா மட்டும் போதாது. பூச்சிமருந்து ஆவி வாயு.

அந்த ரோஜா போகும் இடங்களில் ஒன்று பூஜையறை. இங்கே இன்னொரு எதிர்வாதம் வரும், கொஞ்சம் கோபத்தோடு. ஆலைப்புகையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் ஊதுபத்தியில் கைவைப்பார், சாம்பிராணியையும் தூசி என்பார் என்று. ஆமாம், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் துகள் வெளியாகிறது. ஒரு கிராம் சிகரெட்டில் அது ஏறத்தாழ 10 மில்லிகிராம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அளவில் ஆலைப்புகைக்கு இது எம்மாத்திரம் என்று கேட்கலாம். இந்திய அடுப்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்த கர்க் ஸ்மித் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்: வீட்டுக்குள் வெளியாகும் புகை ஒருவர் நுரையீரலுக்குள் போய்ச் சேரும் வாய்ப்பு, வெளியே வெளியாகும் புகையைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. புகை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் விறகுப்புகையை அளந்து, அடுப்படியில் நிற்கும் பெண்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று எண்ணிக்கையில் காட்டிய கல்பனா பாலகிருஷ்ணன் குழுவின் ஆய்வுகளும் சொன்னது இதைத்தான். ஏ.சி.க்காகச் சாத்திய அறையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு மூலையில் பியூரிஃபையரை ஓடவிடுவது, ஒரு கையால் ஊற்றி மறு கையால் துடைக்கிற வேலை. பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. வாயுவைக் கண்ணெதிரே தெரியும் பிரம்மமாக அழைத்துத் தொடங்குகிறது தைத்திரீய உபநிடதத்தின் சாந்தி மந்திரம். பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்கு உரியது காளத்தி. பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கு அது அந்நியமான ஊரல்ல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சை ஆளும் யோகத்தைப் பேசுகிறது. காற்றையே தெய்வமாகவும் மூச்சையே சாதனையாகவும் வைத்த மரபு, அந்தக் காற்றுக்குச் செய்யும் பூஜையிலேயே அதைக் கெடுக்க வேண்டும் என்று எங்கே விதித்தது? பூவும் நெய்விளக்கும் போதாத சாமி எதுவும் இல்லை. சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்கிற வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போடலாம்.

போகி இன்னும் கூர்மையான உதாரணம். ஒட்டடை அடித்து, வென்டிலேட்டர் ஜாலிகளைத் துடைத்து, பரணைக் காலிசெய்து, வீட்டைக் கழுவும் நாள். தமிழர், தெலுங்கர் இரு சாராரும் கொண்டாடுகிற நாள். வீட்டுக் காற்றோட்டத்துக்கு ஆண்டில் ஒருமுறையாவது நிகழும் பெரிய உபகாரம் அது. அந்த உபகாரம் முடிந்த கையோடு பழைய பாயையும், பிளாஸ்டிக் கூடையையும், சில இடங்களில் டயரையும் தெருவில் எரிக்கிறோம். சென்னையில் அந்தப் புகை பனியோடு கலந்து விமானங்களைத் தாமதப்படுத்திய ஆண்டுகள் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் வேண்டுகோள் விடுத்துக்கொண்டிருக்கிறது. மார்கழியும் தையும் காற்று கனத்துக் கீழேயே தங்கும் பருவம். காலை ஐந்து மணிக்கு எரித்தது ஒன்பது மணிவரை தெருவிலேயே நிற்கும். பாயும் துடைப்பமும் வைக்கோலாகவும் கோரையாகவும் இருந்த காலத்துச் சடங்கை, பாலிஎத்திலீன் காலத்துக்கு அப்படியே நீட்டியதால் வந்த வினை இது. சடங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் போடப்படும் பொருள்தான் மாறிவிட்டது.

கடைசி எதிர்வாதத்தை இடதுசாரி நண்பர்கள் எழுப்புவார்கள், அதில் நிறைய நியாயமும் இருக்கிறது. ஊதுபத்தி, சிம்னி, போகி என்று தனிமனித ஒழுக்கத்தைப் பேசிக்கொண்டிருந்தால் கிரஷர் முதலாளி தப்பித்துவிடுவார். அறம் பேசுவதே அரசியலிலிருந்து தப்பும் வழி. எச்சரிக்கை சரியானது. வீட்டு ஒழுக்கம் ஆலை விதிக்கு மாற்றல்ல. ஆனால் இரண்டும் எதிரெதிர் என்ற எண்ணம் தவறு. ஏனென்றால் ஆலை விதியும் இதே வெளிப்பார்வை வடிகட்டியின் பெரிய வடிவம்தான். ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம், வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அதற்கு முன்பே, 1991இல், மாசில்லாத நீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது. கல் கிரஷர்களுக்கும் விதி இருக்கிறது: இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் மிதக்கும் தூசி கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது; தூசி கிளம்பும் இடங்களை மூட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், காற்றுத்தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. உடைக்கும்போது பறக்கும் நுண்சிலிக்கா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய் வந்துவிட்டால் திரும்பாது. சட்டப்படி அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். விதி இருந்தும் காற்று இப்படி இருப்பது ஏன் என்றால், விதியை நிறைவேற்றக் கேட்கும் குரல்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டுவிட்டன என்பது ஒரு காரணம். கருவி வாங்க வசதியுள்ளவர்கள்தான் பெரும்பாலும் மனு எழுதவும் வழக்குப் போடவும் தெரிந்தவர்கள். அவர்களுடைய காற்று தனியாகச் சுத்தமானதும் பொதுக்காற்றுக்கு வக்கீல் குறைந்துவிடுகிறார்.

எல்லைப்பகுதி என்பதால் இங்கே கணக்கு இன்னொரு சுற்று சுற்றுகிறது. கிருஷ்ணகிரியில் உடைபடும் கல் பெங்களூரில் அடுக்குமாடியாகிறது. அந்த மாடியில் ஜன்னல் இறுகச் சாத்தியிருக்கும், மூலையில் ஹெப்பா ஓடும், குடியிருப்பவர் சென்சாரில் பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்தியடைவார். அவர் அறையின் கல்லிலிருந்து கிளம்பிய தூசி மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், சாலையோர வீட்டு மேசைகளிலும் கிரஷர் தொழிலாளியின் மார்பிலும் தங்கிவிட்டது. ஜீவானியின் அளவுகோலில் பார்த்தால் வேறு கிணற்றில் கொட்டிய கதை இது. கிரஷரில் பை-ஃபில்டரும் மூடிய கன்வேயரும் போட்டால் ஒரு யூனிட் ஜல்லியின் விலை ஏறும், கட்டுமானம் பாதிக்கும் என்பார்கள். ஏறத்தான் ஏறும். இப்போதும் அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. இன்ஹேலர் பில்லாகவும் வேலைக்குப் போக முடியாத நாட்களாகவும் பாகலூரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் சில்லறையாகச் செலுத்தப்படுகிறது. அதை ஜல்லியின் விலையில் சேர்த்தால் மாடி கட்டுகிறவர் கணக்கில் ஏறும், அது சேர வேண்டிய இடமும் அதுவே. பை-ஃபில்டரில் சேரும் மாவையும் என்ன செய்வது என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல் உடைக்கும்போது மிஞ்சும் துகளை ஹாலோபிளாக் பட்டறைகள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கின்றன.